சத்து குறைந்த நிலத்தில் எந்த ரகம் தாங்கும்? நெல், சிறுதானியம் போடுகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

உரம் அதிகம் கேட்காத ரகம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்காத விவசாயி கிடையாது. இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு ரகத்தின் பெயரைப் பதிலாகச் சொல்கிறவரை நம்பி விதை வாங்கிவிடாதீர்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) இல்லாத செம்மண்ணில் நன்றாக வரும் நெல், துத்தநாகம் இல்லாத களர் நிலத்திலும் (சோடிய உப்பு ஏறிய நிலம்) அப்படியே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவைத் தாங்குவது ஒரு குணம், இரும்புக் குறைவைத் தாங்குவது வேறொரு குணம். வேரில் நடக்கும் வேலையே வேறு வேறு. அதனால் முதலில் நிலத்தில் எது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அந்தக் குறைக்குத் தோதான நாலைந்து ரகங்களைப் பொறுக்க வேண்டும், கடைசியில் அவற்றை உங்கள் வயலிலேயே உரம் போட்ட பாத்தியிலும் போடாத பாத்தியிலும் வளர்த்துப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் காசுதான் வீணாகும்.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். "தாங்கும் ரகம்" என்பதற்குள் இரண்டு தனித்தனித் திறமைகள் ஒளிந்திருக்கின்றன. மண்ணில் கொஞ்சமாக, எட்டாத இடத்தில், கரையாத வடிவில் கிடக்கும் சத்தைத் தேடிப் பிடித்து உள்ளே இழுப்பது ஒன்று. உள்ளே வந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அதிக மணி கட்டுவது இன்னொன்று. முதலாவதை எடுக்கும் திறன் என்றும் இரண்டாவதைச் செலவழிக்கும் திறன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சில ரகங்களுக்கு ஒன்று இருக்கும், சிலவற்றுக்கு இரண்டும் இருக்கும், பல ரகங்களுக்கு இரண்டுமே சுமார்தான். வழிகாட்டி முழுக்க இந்த வித்தியாசம் வந்துகொண்டே இருக்கும்.

படி 1: மண்ணைச் சோதித்து எது குறை என்று தெரிந்துகொள்ளுங்கள்

மண் மாதிரியை வெயில் காலத்தில், நிலம் காலியாக இருக்கும்போது எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மரநிழல், வாய்க்கால் ஓரம் எல்லாம் வேண்டாம். ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி, அந்த வெட்டின் ஒரு பக்கத்திலிருந்து மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக ஒரு பத்தை மண் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசியில் அரை கிலோ நிற்கும். அதை நிழலில் உலர்த்திக் கொடுங்கள். துத்தநாகம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் துருப்பிடித்த சட்டியோ துத்தநாகப் பூச்சுப் போட்ட தகர வாளியோ கூடவே கூடாது, முடிவே மாறிப்போகும்.

மண்வள அட்டையில் வரும் எண்களை இப்படிப் படியுங்கள். தமிழ்நாட்டில் வேளாண் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவுகோலில், கிடைக்கும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 280 கிலோவுக்குக் கீழே என்றால் குறைவு. மணிச்சத்து 11 கிலோவுக்குக் கீழே குறைவு, 22-க்கு மேலே அதிகம். சாம்பல் சத்து (பொட்டாசியம்) 118-க்குக் கீழே குறைவு, 280-க்கு மேலே அதிகம். துத்தநாகம் 1.2 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு மண்ணில் 1.2 பங்கு) கீழே போனால் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனையையும் பார்த்துவிட்டு, பலரும் கண்டுகொள்ளாமல் விடும் கார அமில நிலையையும் (pH) உப்பு நிலையையும் கட்டாயம் பாருங்கள். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டிய நிலத்தில் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிருக்குக் கிடைக்காது. அங்கே பிரச்சினை "சத்து இல்லை" என்பதைவிட "சத்து பூட்டிக்கிடக்கிறது" என்பதுதான், அதற்கு வேண்டிய ரகமும் வேறு.

படி 2: பயிரிடமே கேட்டுப் பாருங்கள்

மண் சோதனை பாதிதான் சொல்லும். மீதியைப் போன பட்டத்துப் பயிர் ஏற்கெனவே சொல்லியிருக்கும்.

குறை பழைய இலையில் தெரிகிறதா புது இலையில் தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. தழை, மணி, சாம்பல் மூன்றும் செடிக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி அடி இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும், அதனால் அடி இலைதான் முதலில் காட்டும். அடி இலை நுனியிலிருந்து ஒரே சீராக மஞ்சளடித்தால் தழைச்சத்து. அடி இலையின் ஓரம் மட்டும் நுனியிலிருந்து காய்ந்து பழுப்பாக வந்தால் சாம்பல் சத்து. மணிச்சத்துக் குறைவு ரொம்ப ஏமாற்றும்: பயிர் மஞ்சளாகவே ஆகாது, கரும்பச்சையாக, விறைப்பாக, குட்டையாக நிற்கும், தூர் கட்டாது, பூப்பது தள்ளிப்போகும். பச்சையாக இருக்கிறதே என்று நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். இரும்பு நகராது, ஆகவே குருத்திலும் அதற்கடுத்த இலையிலும் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி வெளுக்கும், முற்றினால் குருத்தே வெள்ளைத் தாள் போல ஆகிவிடும்.

நெல்லில் துத்தநாகக் குறைவைத் தனியாகச் சொல்ல வேண்டும். நடவு நட்டு இரண்டிலிருந்து நாலு வாரத்துக்குள் வரும். இளம் இலையின் அடிப்பக்கம் நடுநரம்பு வெளிறும், கீழ் இலைகளில் துரு நிறப் புள்ளிகள் தோன்றி ஒன்றோடொன்று சேர்ந்து இலை முழுக்கச் செம்பழுப்பாகும், வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் உட்கார்ந்துவிடும். வட இந்தியாவில் இதைக் 'கைரா' என்று ஒரு நோயாகவே நினைத்திருந்தார்கள். அது துத்தநாகக் குறைதான் என்று 1966-இல் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஒய். எல். நேனே என்ற விஞ்ஞானி காட்டினார். இன்றைக்கும் நம்மூரில் இந்தப் புள்ளியைப் பார்த்துப் பூஞ்சாணக் கொல்லி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சின்ன சோதனை. வயலில் மூன்று பட்டை பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒன்றுமே தெளிக்க வேண்டாம். இரண்டாவதில் 10 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் யூரியா. மூன்றாவதில் அதே 100 கிராம் யூரியாவோடு 50 கிராம் துத்தநாக சல்பேட். யூரியா மட்டும் தெளித்த பட்டை ஏன் வேண்டும் என்றால், துத்தநாகத்தோடு யூரியாவும் போகிறதே, பச்சை திரும்பியது எதனால் என்று பிறகு சொல்ல முடியாது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே மாதிரி தெளிந்தால் குறை தழைச்சத்தில். மூன்றாவது மட்டும் எழுந்தால் துத்தநாகம்.

இரும்புக்குச் சோதனை இன்னும் சுலபம். 10 லிட்டரில் 100 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து வெளுத்த குருத்தின்மேல் சாயங்காலம் தெளியுங்கள். இரும்பு இலைக்குள் நகராது என்பதால், துளி விழுந்த இடம் மட்டும் சில நாளில் பச்சைப் புள்ளியாக எழும்பும், பக்கத்தில் வெளுப்பு அப்படியே இருக்கும். கிட்டே போய்ப் பாருங்கள், மஞ்சள் இலையில் யாரோ பச்சை மையைத் தெறித்தது போலத் தெரியும். அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

படி 3: ரகங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்தால் எந்த ரகத்தில் எதைத் தேடுவது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மணிச்சத்தில் இருந்து தொடங்குகிறேன். மணிச்சத்து மண்ணில் நகரவே நகராது. வேர் போய்த் தொட்டால்தான் கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும். ஆகவே நாற்றுப் பருவத்திலேயே மேல்மண்ணில் நிறைய வேர் விட்டு, அந்த வேர்களில் நீளமான வேர்த்தூவி (வேரின்மேல் இருக்கும் மெல்லிய முடிகள்) வளர்க்கும் ரகம் ஜெயிக்கிறது. இதற்கு உலகறிந்த உதாரணம் நம் நாட்டு நெல்தான். 'கசலத்' என்று ஒரு பழைய ரகம், கிழக்கிந்தியா, வங்கப் பகுதியின் 'ஆவுஸ்' என்ற நெல் வகையைச் சேர்ந்தது. மணிச்சத்து இல்லாத மண்ணில் மற்றவை உட்கார்ந்துவிடும்போது இது எழுந்து நிற்பதைப் பார்த்து, அதன் 12-ஆவது குரோமோசோமில் ஒரு பகுதியை 1990-களின் கடைசியில் மத்தியாஸ் விசுவா என்ற ஆராய்ச்சியாளர் குறிவைத்தார். அதற்குள் இருக்கும் 'பிஸ்டால்-1' என்ற மரபணுவைப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிக்ரிட் ஹோயரின் குழு 2012-இல் வெளியிட்டது. அந்த மரபணு மணிச்சத்தைக் கரைப்பதும் இல்லை, நேரடியாக உறிஞ்சுவதும் இல்லை. நாற்றின் ஆரம்ப வேர் வளர்ச்சியைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான். வேர் பெருத்ததால் மணிச்சத்தும் கூடுதலாக வந்து சேருகிறது.

இதில் மனசை உறுத்தும் விஷயம் என்னவென்றால், ஐஆர் 64 மாதிரி பாசன நிலத்துக்கென்று உருவாக்கிய பல நவீன ரகங்களில் அந்த மரபணுவே கிடையாது. நன்றாக உரமிட்ட ஆராய்ச்சிப் பண்ணை வயலில் வைத்தே பொறுக்கிக்கொண்டு வந்தால், உரம் இல்லாத இடத்தில் மட்டும் கைகொடுக்கும் ஒரு குணம் தொலைந்துபோவது யாருக்கும் தெரியாது. பழைய ரகங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பழையது என்பதற்காக மட்டும் இல்லை, அதற்குள் இன்னும் யாரும் தேடிப் பார்க்காத வேர்கள் இருக்கின்றன.

வேர் மட்டும்தான் வழி என்றும் இல்லை. கம்பு, சோளம், மக்காச்சோளம் எல்லாம் வேர்ப்பூசணத்தோடு கூட்டு வைக்கும். பூசண இழை வேர் எட்டாத இடத்துக்குப் போய் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். மணிச்சத்துக் குறைந்தால் சோள வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை வெளியே விட்டு அந்தப் பூசணத்தைக் கூப்பிடுகிறது. பாவம், அதே வாசனைக்குத்தான் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையின் விதையும் முளைத்து வந்து வேரில் ஒட்டிக்கொள்கிறது. வெளுத்த நிலத்துச் சோளத்தில் சுடுமல்லி ஏன் அதிகம் என்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆகவே சுடுமல்லித் தொல்லை இருக்கும் நிலத்தில், எடுக்கும் திறனை மட்டும் பார்த்து ரகம் தேர்ந்தெடுக்காதீர்கள். தண்ணீர் தேங்கிய நெல் வயலில் இந்தப் பூசணக் கூட்டு பெரிதாக வேலை செய்யாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

இரும்பு விஷயத்தில் புல் குடும்பத்துக்கே ஒரு தனி வழி இருக்கிறது. வேர் முகினியிக் அமிலம் என்ற ஒன்றைக் கசியவிட்டு, மண்ணில் பூட்டிக்கிடக்கும் இரும்பைக் கவ்விப் பிடித்து, அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். 1970-களில் ஜப்பானில் டகாகி என்ற விஞ்ஞானி கண்டது இது. பார்லியும் கோதுமையும் இதை நிறையக் கசிய விடும், மக்காச்சோளமும் சோளமும் குறைவு, நெல் ரொம்பவே குறைவு. தண்ணீர் நிற்கும் வயலில் இரும்பு தானாகவே கரைந்து கிடைப்பதால் நெல்லுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நெல்லைப் புழுதி விதைப்பாகப் போட்டால் குருத்து வெளுப்பது இதனால்தான். அங்கே நெல்லிலும் ரகத்துக்கு ரகம் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

துத்தநாகம் இதற்கு நேர் தலைகீழ். தண்ணீர் கட்டினால் மணிச்சத்தும் இரும்பும் கிடைப்பது கூடும், துத்தநாகம் குறையும். சேற்றில் பைகார்பனேட் கூடி வேர் வளர்ச்சியையே அமுக்கிவிடும். துத்தநாகக் குறைவைத் தாங்கும் நெல், அந்தச் சூழலிலும் நட்ட முதல் இரண்டு வாரத்தில் புது வேரை விடாமல் விட்டுக்கொண்டே இருக்கும். தாங்காத ரகம் பழைய வேரை வைத்துக்கொண்டு திணறும். ஆக, சேற்று நடவில் பேர் வாங்கிய ரகம் நேரடி விதைப்பிலும் தாங்கும் என்று நினைத்துவிடக் கூடாது, நிலத்தில் தண்ணீர் நிற்கும் விதம் மாறினால் எந்தச் சத்து குறை என்பதே மாறிவிடுகிறது.

தழைச்சத்துக்கு வருவோம். 1966-இல் ஐஆர் 8 என்ற குட்டை நெல் வந்த பிறகு குட்டை ரகங்கள் பரவின. குட்டையாக இருந்ததால் உரம் கொட்டினாலும் சாயவில்லை. பழைய உயர ரகத்தில் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குதான் மணி, குட்டையில் ஏறக்குறைய பாதி. அதனால் கொஞ்சமே தழைச்சத்து இருக்கும் நிலத்தில்கூட, எடுத்ததை மணியாக மாற்றுவதில் குட்டை ரகம் முந்துவது உண்டு. "நாட்டு ரகம் என்றாலே சத்தில்லாத மண்ணில் ஜெயிக்கும்" என்ற பேச்சை முழுசாக ஏற்க முடியாததற்கு இது காரணம். மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் குறைந்த உரத்தில் சாயாமல், வைக்கோலும் தந்து, வறட்சியையும் பொறுத்துக்கொண்டு வருவது உண்மை. மணி எடையில் முந்துமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வயதையும் பாருங்கள். மண்ணில் இருக்கும் மட்கு மெல்ல மெல்லத்தான் தழைச்சத்தை விடும். 105 நாள் ரகத்துக்கு அவசரம், கேட்கும் நேரத்தில் கிடைக்கவில்லை என்றால் தூர் குறைந்துவிடும். 155 நாள் நிற்கும் சிஆர் 1009 மாதிரி ரகத்துக்கு அந்த மெதுவான வரவு போதுமான நாள் கிடைக்கிறது. தண்ணீர் இருக்குமானால், உரம் குறைவாகப் போடப்போகிற நிலத்துக்கு நீண்ட வயது ரகம் நல்ல பந்தயம்.

மெக்சிகோவின் ஓஹாகா மலைப்பகுதியில் சியரா மிஹே மக்கள் காலங்காலமாக வைத்திருக்கும் ஒரு மக்காச்சோளம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனசு வரவில்லை. மேல் கணுக்களில் விரல் தடிமனில் காற்று வேர்கள் விட்டு, அவற்றிலிருந்து கெட்டியான பசை சொட்டும். அந்தப் பசையில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. செடியின் தழைச்சத்தில் 29 முதல் 82 சதவீதம் வரை காற்றிலிருந்தே வருகிறது என்று 2018-இல் ஆய்வு வெளிவந்தது. நம் நிலத்துக்கு அந்த ரகத்தை அப்படியே கொண்டுவர முடியாது, அது முதிர ரொம்ப நாள் எடுக்கும், ஈரக்காற்று வேண்டும். ஆனால் தானியப் பயிருக்குள் என்னென்ன வழிகள் இருக்கக்கூடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

வரகு, சாமை பற்றி நிறைய பேர் கேட்பார்கள். அவை வெளுத்த நிலத்தில் தாங்குவதற்கு ஒரு காரணம், அவற்றின் கேட்பே குறைவு. எடுக்கும் வேகமும் கட்டும் மணியும் சின்னது. அதற்காக அவற்றுக்கு உரமே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். வரகுக்கே ஹெக்டேருக்கு 44 கிலோ தழையும் 22 கிலோ மணியும் பரிந்துரை இருக்கிறது, கொடுத்தால் விளைச்சலில் தெரியும்.

படி 4: நாலைந்து ரகங்களைப் பொறுக்குங்கள்

இப்போது உங்கள் குறை என்னவென்று தெரியும். அதை வைத்துப் பட்டியலைச் சுருக்குங்கள்.

களர் நிலம், துத்தநாகமும் கூடவே இல்லை என்றால், திருச்சியில் களர் மண்ணிலேயே வைத்துப் பொறுக்கிய திருச்சி 1, திருச்சி 3 மாதிரி ரகங்களில் இருந்து தொடங்குங்கள். உப்பு ஏறிய கடலோர நிலத்துக்குக் குழியடிச்சான் பேர் பெற்றது, ஆனால் உப்பைத் தாங்குவது வேறு, மணிச்சத்துக் குறைவைத் தாங்குவது வேறு, ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க வேண்டாம். தழைச்சத்து மட்டும் குறைவு என்றால், அளவான உரத்தில் நிறைவு காணும் வெள்ளைப் பொன்னி போன்றவை பொருந்தும். இலையின் பச்சையை ஒப்பிட்டு எப்போது தழைச்சத்து இடுவது என்று பார்க்கும் இலை வண்ண அட்டையிலேயே, உரமிட வேண்டிய எல்லையாக வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டுக்கும் 4 என்று வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஒரு எண் வித்தியாசம் ரகங்களின் பசி ஒன்றாக இல்லை என்பதைத்தான் சொல்கிறது. மானாவாரிச் செம்மண் என்றால் கேழ்வரகு, கம்பு, சாமை ஆகியவற்றில் உங்கள் வட்டாரத்து ரகம் இரண்டும் வேளாண் பல்கலைக்கழக ரகம் இரண்டும் எடுங்கள்.

எப்படிப் பொறுக்கினாலும் இப்போது நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் ரகம் பட்டியலில் இருக்க வேண்டும். அது இல்லாமல் எதை எதோடு ஒப்பிடுவீர்கள்?

படி 5: உங்கள் வயலிலேயே போட்டுப் பாருங்கள்

முழு வயலும் வேண்டாம். ஒவ்வொரு ரகத்துக்கும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் பாத்தி போதும், ஒன்று முழு உரத்தோடு, ஒன்று குறையான அந்தச் சத்து மட்டும் இல்லாமல் (இனி உரமில்லாத பாத்தி, வெறும் நிலம் என்று நான் சொல்வது இதைத்தான்). மணிச்சத்துக் குறை என்றால் சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் நிறுத்துங்கள், யூரியாவும் பொட்டாஷும் இரண்டிலும் ஒரே அளவு போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் எந்தக் குறையை எந்த ரகம் தாங்கியது என்று தெரியாது. இதையே மூன்று இடத்தில் திரும்பச் செய்யுங்கள், ஒரே வயலிலும் மேட்டுப் பக்கமும் பள்ளப் பக்கமும் ஒன்றில்லை.

பாத்திக்குப் பாத்தி வரப்பு உறுதியாக இருக்கணும், உரம் போட்ட தண்ணீர் போடாத பாத்திக்குள் கசிந்தால் அந்தப் பாத்திக் கணக்கைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஒவ்வொன்றுக்கும் வாய்க்காலிலிருந்து நேராகத் தண்ணீர் விடுங்கள், பாத்தி வழியாகப் பாத்திக்கு விட வேண்டாம். எல்லா ரகத்துக்கும் நாற்றின் வயது, குத்துக்கு எத்தனை நாற்று, இடைவெளி எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். விதையும் முடிந்தால் ஒரே பட்டத்தில், ஒரே மாதிரி நிலத்தில் விளைந்ததாக இருந்தால் நல்லது, ஏன் என்று கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 6: வேரைப் பாருங்கள்

நட்ட 25-ஆவது நாள் வாக்கில் இதைச் செய்யுங்கள். குத்தைப் பிடித்து இழுக்காதீர்கள், நல்ல வேரெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும். குத்தைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, கட்டியோடு தூக்கி, ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி ஊற விடுங்கள். காலையில் கட்டி தானாகவே உதிரும், மீதியை மெல்லிய தண்ணீர்ப் பீச்சில் கழுவி, கறுப்புத் துணியின்மேல் வையுங்கள்.

தண்டின் அடியிலிருந்து புறப்படும் வேர்களில் வெள்ளையாக, விறைப்பாக இருப்பவை எத்தனை என்று பாருங்கள். அவை புது வேர்கள். பழுப்பாக, இரும்புப் படிவு ஏறியவை பழையவை. உரமில்லாத பாத்தியிலும் வெள்ளை வேர் நிறைய விட்டிருக்கும் ரகம் எடுக்கும் திறன் உள்ளது. வேர் கொஞ்சமாக இருந்தும் மேலே பயிர் மோசமில்லை என்றால், அது செலவழிக்கும் திறனாக இருக்கலாம், அறுவடைக் கணக்கில் தெரியும். வேர் தரைமட்டத்துக்குப் பக்கமாகப் படர்கிறதா, நேராகக் கீழே இறங்குகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே படர்வது மணிச்சத்துக்கு நல்லது. ஆழமாக இறங்குவது, தண்ணீரோடு கீழே இறங்கிவிடும் தழைச்சத்தைப் பிடிக்கவும் வறட்சிக்கும் நல்லது. நுனிவேரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேர்த்தூவியின் அடர்த்திகூடத் தெரியும்.

படி 7: அறுத்து, எடை போட்டு, சரியாகக் கணக்குப் பாருங்கள்

பாத்தியின் ஓரத்து வரிசைகளை விட்டுவிடுங்கள். நடுவில் 2 மீட்டருக்கு 2.5 மீட்டர், அதாவது 5 சதுர மீட்டர், அறுத்துத் தூற்றி, ஒரே காய்ச்சலுக்கு உலர்த்தி எடை போடுங்கள். 5 சதுர மீட்டரில் 1 கிலோ என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய 809 கிலோ.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். உரமில்லாத விளைச்சலை உரமிட்ட விளைச்சலால் வகுத்து, எது பெரிய சதவீதமோ அதுதான் தாங்கும் ரகம் என்று முடிவு கட்டுவார்கள். எடுத்துக்காட்டாக, ஒரு ரகம் உரத்தோடு 2 கிலோ, உரமில்லாமல் 1.6 கிலோ என்றால் 80 சதவீதம். இன்னொன்று உரத்தோடு 3.2 கிலோ, உரமில்லாமல் 2.1 கிலோ என்றால் 66 சதவீதம்தான். சதவீதத்தை மட்டும் பார்த்தால் முதலாவது ஜெயிக்கும். ஆனால் வெறும் நிலத்திலும் இரண்டாவதுதான் அதிகம் விளைந்திருக்கிறது! முதலாவது குறையைத் தாங்கவில்லை, கொடுத்தாலும் வாங்கத் தெரியாததால் இழப்பு சிறிதாகத் தெரிகிறது.

ஆகவே முதலில் உரமில்லாத பாத்தியின் எடையைப் பாருங்கள், அதில் முன்னணியில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அப்புறம் உரத்துக்கு எவ்வளவு கூடியது என்று பாருங்கள். வெறும் நிலத்திலும் முன்னே நின்று, கொடுத்தபோதும் ஏறுகிற ரகம்தான் தேடுவது. வெறும் நிலத்தில் முன்னே நின்று, கொடுத்தால் ஏறாத ரகம் உரம் வாங்கவே வழியில்லாத மானாவாரிக்குச் சரி. ஒரே ஒரு பட்டத்து முடிவை வைத்து முழு வயலையும் மாற்றாதீர்கள், மழை நன்றாகப் பெய்த வருஷமும் ஏமாற்றிய வருஷமும் பார்த்துவிடுங்கள்.

படி 8: ரகம் எடுத்ததை நிலத்துக்குத் திருப்பிக் கொடுங்கள்

தாங்கும் ரகம் கிடைத்துவிட்டது, இனி உரச்செலவே இல்லை என்று உட்கார்ந்துவிட்டால் சில வருஷத்தில் நிலம் இன்னும் வெளுக்கும். எடுக்கும் திறனுள்ள ரகம் மண்ணில் மிச்சமிருப்பதையும் சுரண்டித்தான் கொடுக்கிறது. ஒரு டன் நெல் விளைய, பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தும், தனிமமாகக் கணக்கிட்டால் 2 முதல் 3 கிலோ மணிச்சத்தும், 15 முதல் 20 கிலோ சாம்பல் சத்தும் எடுக்கும். மணிச்சத்தில் பெரும்பங்கு தானியத்தோடு வெளியேறிவிடும். சாம்பல் சத்தில் பெரும்பங்கு வைக்கோலில் நிற்கும், வைக்கோலை வயலுக்கோ மாட்டு வழியாக எருவாகவோ திருப்பினால் அது மிஞ்சும், எரித்தாலோ விற்றாலோ போய்விடும்.

இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சிப் பண்ணையில் 1843 முதல் உரமே இடாமல் கோதுமை விதைக்கும் ஒரு பட்டை இருக்கிறது. இன்றும் விளைகிறது, ஹெக்டேருக்கு ஒரு டன் சுமாராக. மண் சாகாது, ஆனால் அவ்வளவுதான் கொடுக்கும். நம் கோவையிலும் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது, வாய்ப்புக் கிடைத்தால் போய் உரமிட்டதும் இடாததுமான பாத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாருங்கள்.

குறைந்த செலவில் கொடுக்க வழிகள் உண்டு. பசுந்தாள் உரமாக மடக்கி உழ நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு, மேட்டு நிலத்துக்குக் கொளிஞ்சி, கோடையில் ஆட்டுக்கிடை, கண்மாய் வண்டல். துத்தநாகத்துக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட், களர் நிலத்தில் 37.5 கிலோ. அதற்கும் கையில் காசில்லை என்றால், நடவுக்கு முன் நாற்றின் வேரை 2 சதவீத துத்தநாக ஆக்சைடு கரைசலில் நனைத்து நடலாம். மணிச்சத்தையும் இப்படிக் கொடுக்கலாம். மடகாஸ்கரில் சேற்றில் பாஸ்பேட் உரம் கலந்து அரை மணி நேரம் வேரை வைத்து நடும் முறையைச் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க வைத்துவிடாதீர்கள், நாற்று கருகும். ஆப்பிரிக்காவில் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் சஹேல் நாடுகளில் கம்புக்கு உரத்தை வயல் முழுக்க வீசாமல், குழிக்கு ஒரு சோடா மூடி அளவு விதையோடு வைக்கிறார்கள். மணிச்சத்து நகராது என்று மேலே சொன்னேன் இல்லையா, அதனால்தான் வேருக்குப் பக்கத்தில் வைத்த கொஞ்சம், வீசிய நிறையவுக்கு ஈடாகிறது.

படி 9: விதையை எந்தப் பாத்தியில் எடுப்பது?

ரகத்தை உரமில்லாத பாத்தியில் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள். ஆனால் அடுத்த பட்டத்துக்கான விதையை உரமிட்ட நல்ல பாத்தியிலிருந்து எடுங்கள். கேட்க முரணாக இருக்கும், காரணம் எளிது. ரகத்தின் குணம் மரபணுவில் இருக்கிறது, எந்தப் பாத்தியில் விளைந்தாலும் அது மாறாது. நாற்றின் முதல் இரண்டு வாரத் தெம்போ விதைக்குள் தாய்ச்செடி சேர்த்து வைத்த மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் பொறுத்தது. வெளுத்த பாத்தியில் விளைந்த விதையில் அந்தச் சேமிப்பு குறைவு. சத்தில்லாத நிலத்தில் இறங்கப்போகிற நாற்றுக்குத்தான் அந்தச் சேமிப்பு ரொம்ப வேண்டும், ஏனென்றால் ஆரம்ப வேரை அதை வைத்துத்தான் விட வேண்டும். ரகங்களை ஒப்பிடும்போது விதை ஒரே மாதிரி நிலத்தில் விளைந்ததாக இருக்கணும் என்று படி 5-இல் சொன்னதும் இதனால்தான். ஒன்றின் விதை கொழுத்தும் மற்றதன் விதை நோஞ்சானாகவும் இருந்தால், நீங்கள் பார்ப்பது ரகத்தின் வித்தியாசமாக இருக்காது.

எடுத்த விதையை உப்புக் கரைசலில் போட்டு மிதப்பதை அள்ளிவிட்டு, மூழ்கிய கனமான விதையை இரண்டு மூன்று தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி வையுங்கள். பையின்மேல் ரகத்தின் பெயரோடு அது எந்தப் பாத்தியில் விளைந்தது, அந்தப் பாத்திக்கு என்ன உரம் போட்டது என்பதையும் எழுதி உள்ளேயும் ஒரு சீட்டுப் போட்டுவிடுங்கள்.